உபுண்டுவை மேம்படுத்திய பின் குறுக்குவிசைகள் சில சாளரங்களில் மட்டும் வேலை செய்வது ஏன்?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்திருந்தால் கீழே வருவதெல்லாம் வீண். லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் 20.04 பதிப்பு இருந்த மடிக்கணினியை ஒரே நாளில் 22.04-க்கும் அங்கிருந்து 24.04-க்கும் மேம்படுத்தியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு, கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு மேல் அம்புக்குறியையோ கீழ் அம்புக்குறியையோ அழுத்தினால் பணியிடம் (சாளரங்களைப் பிரித்து வைத்துக்கொள்ளும் தனித்தனித் திரைப்பரப்பு) மாறுவதில்லை. ஒரு விசைக்கு ஒரு கட்டளையை இணைக்க உதவும் எக்ஸ்பைண்ட்கீஸ் என்ற நிரல் வழியாக நீங்களே அமைத்துக்கொண்ட விசைகள் இரண்டு: அகராதியைத் திறக்கும் எஃப்8, கலைச்சொல் பட்டியலைத் திறக்கும் எஃப்9. ஜாவாவில் எழுதப்பட்ட உங்கள் மொழிபெயர்ப்பு நிரல் முன்னால் இருக்கும்போது இவை வேலை செய்கின்றன. ஃபயர்ஃபாக்ஸிலோ லிபர்ஆபீஸ் ரைட்டரிலோ இருந்தபடி அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை. மூன்றாவது தொல்லை இதற்கு நேர்மாறானது. ரைட்டரில் தமிழ்த் தட்டச்சு இயங்கும்போதும் கன்ட்ரோல்+சி ஒழுங்காகப் படியெடுக்கிறது. மொழிபெயர்ப்பு நிரலில் தமிழ் இயங்கினால் கன்ட்ரோல்+சி, கன்ட்ரோல்+வி, கன்ட்ரோல்+எஸ் மூன்றும் ஊமையாகிவிடுகின்றன. மேம்படுத்திய பிறகு தமிழ்99 விசையமைப்பு பட்டியலில் காணாமல் போனதால் அதை மறுபடியும் சேர்த்ததாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பயன்பட்டது அந்த வரிதான். முடிவில், விசைப்பலகை பழுதா, மேம்படுத்தல் பாதியில் கெட்டுப்போனதா, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது வேறொரு கேள்வி: இந்த மூன்றும் ஒரே கோளாறா? இல்லை. ஒரே நாளில் தொடங்கியதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. காரணங்களோ வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. முதல் இரண்டும் கோளாறே அல்ல, புதிய பதிப்பு வேண்டுமென்றே அப்படி நடந்துகொள்கிறது. ஆகவே அழித்து நிறுவினால் ஒரு நாள் உழைப்பு போகும். மறுநாள் காலையில் அந்த இரண்டும் அப்படியே உங்களுக்காகக் காத்திருக்கும்.

நான் நிரலாளன் அல்லன். சிறிய அச்சகங்கள், பதிப்பகங்கள், வீட்டிலிருந்து வேலை செய்யும் மொழிபெயர்ப்பாளர்கள் ஆகியோரின் லினக்ஸ் கணினிகளைப் பதினைந்து ஆண்டுகளாகப் பராமரித்துவருபவன். உங்கள் கணினியை நேரில் பார்க்கவில்லை என்பதால், இதில் எனக்கு உறுதியானது எது, ஊகம் எது என்பதை அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

விசைப்பலகை பழுதில்லை, இது உறுதி. எஃப்8 ஒரு சாளரத்தில் அகராதியைத் திறக்கிறது என்றால் அந்த விசையும் அதன் கம்பித்தடமும் நன்றாக இருக்கின்றன. கன்ட்ரோல்+சி ரைட்டரில் படியெடுக்கிறது என்றால் கன்ட்ரோலும் நன்றாக இருக்கிறது. பழுதான விசை எந்தச் சாளரம் முன்னால் இருக்கிறது என்று பார்த்துப் பழுதாவதில்லை. இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு தகுதி உண்டு: சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பதிப்பகத்தில் இதே போன்ற புகார் வந்தபோது, நான் முதலில் செய்தது புதிய விசைப்பலகை வாங்கி வரச் சொன்னதுதான். அரைநாளும் ஒரு விசைப்பலகையின் விலையும் போன பிறகே, ‘எந்த நிரலில்?’ என்று கேட்கத் தோன்றியது. அன்றிலிருந்து அதையே முதல் கேள்வியாக வைத்திருக்கிறேன்.

நீங்கள் ஒரு விசையை அழுத்தும்போது அந்த அழுத்தம் பல கைகள் மாறித்தான் நிரலை அடைகிறது. லினக்ஸின் உட்கருவான கெர்னல் அதை ஓர் எண்ணாக மாற்றுகிறது; ‘சி’ விசைக்கு அந்த எண் 46. கெர்னலுக்கு மொழி தெரியாது. அந்த இடத்தில் இருக்கும் விசை அழுத்தப்பட்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அடுத்து அந்த எண் திரையை ஆளும் நிரலுக்குப் போகிறது. உங்கள் கணினியில் அது, உபுண்டுவின் திரைச்சூழலான க்னோமின் பகுதியாகிய க்னோம் ஷெல். தனக்கென ஒதுக்கிக்கொண்ட சேர்க்கையாக இருந்தால் ஷெல் அதை அங்கேயே எடுத்துக்கொள்ளும், மற்றவர்களுக்குத் தெரிவிக்காது. அதன் பின் அந்த எண் விசைப்பலகை அமைப்பின்படி ஓர் எழுத்தாகிறது: ஆங்கில அமைப்பு இயங்கினால் ‘சி’, தமிழ்99 இயங்கினால் ஒகரம். இடையில் ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறை இருந்தால் அது ஒரு முறை கைவைக்கும். கடைசியாகத்தான் முன்னால் இருக்கும் சாளரத்தின் நிரல், ‘கன்ட்ரோலோடு சி வந்திருக்கிறது, படியெடுக்க வேண்டும்’ என்று முடிவெடுக்கிறது. உங்கள் முதல் தொல்லை ஷெல்லிடமும், இரண்டாவது ஷெல்லுக்கும் மற்ற நிரல்களுக்கும் இடையிலான உறவிலும், மூன்றாவது எழுத்தாகும் கட்டத்திலும் இருக்கின்றன.

பணியிடம் மாறாததை விரைவாக முடித்துவிடலாம். உபுண்டு 20.04-இல் இருந்தது க்னோம் 3.36, அதில் பணியிடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன, ஆகவே மேலும் கீழும் போவது இயல்பாக இருந்தது. 2021 மார்ச்சில் வந்த க்னோம் 40 அவற்றைப் பக்கம்பக்கமாக வரிசைப்படுத்தியது. 22.04-இல் இருக்கும் க்னோம் 42, 24.04-இல் இருக்கும் க்னோம் 46 இரண்டும் அந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன. பணியிடம் இப்போது இடமும் வலமும் இருக்கிறது, ஆகவே கன்ட்ரோல்+ஆல்ட் உடன் இட, வல அம்புக்குறிகள். பழைய விசைகளே வேண்டுமானால் அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குச் சென்று, ‘இடப்பக்கப் பணியிடத்துக்குச் செல்’ என்ற பொருள்படும் வரிக்கு மேல் அம்புக்குறியையும் வலப்பக்கத்துக்கானதற்குக் கீழ் அம்புக்குறியையும் நீங்களே கொடுத்துக்கொள்ளலாம். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. திரையில் காட்சி பக்கவாட்டில் நகரும்போது விரல் மேலும் கீழும் போவது சில நாட்களில் எரிச்சலூட்டும். சூப்பர் விசையோடு (பல விசைப்பலகைகளில் விண்டோஸ் சின்னம் உள்ள விசை) பேஜ்அப், பேஜ்டவுன் அழுத்துவது பழைய பதிப்பிலும் வேலை செய்தது, புதியதிலும் செய்கிறது. பதிப்புக்குப் பதிப்பு மாறாத ஒன்றைக் கைக்குப் பழக்கிக்கொள்வதே நல்லது.

ஆனால் அந்த மாற்றம் உங்களிடம் கேட்காமலேயே எப்படி நடந்தது என்பது தெரிந்திருந்தால் இனிமேல் வரும் மேம்படுத்தல்களிலும் பயன்படும். க்னோம் உங்கள் விருப்பங்களை டிகான்ஃப் என்ற சிறு தரவுக்கோப்பில் வைத்திருக்கிறது. நீங்கள் கைவைத்து மாற்றியவை மட்டுமே அதில் எழுதப்படும். நீங்கள் தொடாத விசைகளெல்லாம் அந்தந்தப் பதிப்போடு வரும் இயல்புநிலைப் பட்டியலிலிருந்தே எடுத்துக்கொள்ளப்படும். இதிலிருந்து எதிரெதிரான இரண்டு விளைவுகள் வருகின்றன. நீங்கள் ஒருபோதும் மாற்றாத விசை, பட்டியல் மாறியதும் சத்தமில்லாமல் மாறிவிடும். நீங்கள் முன்பே மாற்றிவைத்த விசையோ பதிப்புகள் கடந்தும் அப்படியே நிற்கும். புதிய பதிப்பு அதே சேர்க்கையை வேறு வேலைக்கு ஒதுக்கியிருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். மேம்படுத்தலுக்குப் பிந்தைய குறுக்குவிசைப் புகார்களில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு விவரத்தைக் கொண்டே நான் தீர்த்திருக்கிறேன்.

இதே வகையில் நீங்கள் இன்னும் கவனித்திராத ஒன்று இருக்கக்கூடும். 20.04-இல் பிரிண்ட் ஸ்கிரீன் விசையை அழுத்தினால் முழுத் திரையும் படமாகி நேரே படக் கோப்புறைக்குப் போகும். ஷிஃப்ட்டோடு அழுத்தினால் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம். க்னோம் 42 முதல், வெறும் பிரிண்ட் ஸ்கிரீன் ஒரு தேர்வுத்திரையைத் திறக்கிறது. ஷிஃப்ட்டோடு அழுத்துவதுதான் முழுத் திரையையும் உடனே படமெடுக்கிறது. ஷிஃப்ட்டின் பொருள் ஏறக்குறையத் தலைகீழாகிவிட்டது. ஷெல்லுக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் நீட்சிகள் எதையாவது பயன்படுத்தியிருந்தால் அவற்றின் விசைகளும் போயிருக்கும், ஏனெனில் 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45 நீட்சிகள் எழுதப்படும் முறையையே மாற்றியது. பழைய முறையில் எழுதப்பட்டவை திருத்தப்படாமல் அதில் ஏறாது.

இனி எஃப்8, எஃப்9. உங்கள் மூன்று தொல்லைகளில் உண்மையாகவே ஆழமானது இதுதான், இதன் காரணத்தில் எனக்கு ஐயமில்லை. சாளரங்களைத் திரையில் காட்டி, விசை அழுத்தங்களை அவற்றிடம் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டுக்குச் சாளர முறை என்று பெயர். 20.04-இல் நீங்கள் உள்நுழைந்தபோது இயங்கியது எக்ஸ் சாளர முறை. இப்போது இயங்குவது அதற்கு மாற்றாக வந்த வேலண்ட். இரண்டு காலத்திலும் உள்நுழைவுத் திரையில் அந்தத் தேர்வுக்குப் பெயர் வெறும் ‘உபுண்டு’தான். 20.04-இல் அந்தப் பெயருக்குப் பின்னால் எக்ஸ் இருந்தது, வேலண்ட் தனிப் பெயரில் பக்கத்தில் இருந்தது. பின்னர் அது இடம் மாறி, ‘உபுண்டு’ என்றால் வேலண்ட், எக்ஸ் வேண்டுமானால் ‘உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க்’ என்றாகிவிட்டது. பெயர்ப்பலகை மாறாமல் கடைக்குள்ளே ஆள் மாறியது போல. நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதாலேயே மாறிப்போனீர்கள். உறுதிசெய்துகொள்ள, அமைப்புகளில் ‘சிஸ்டம்’, அதில் ‘அபௌட்’, அதில் ‘சிஸ்டம் டீடெய்ல்ஸ்’ திறந்து, ‘விண்டோயிங் சிஸ்டம்’ என்ற வரிக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

எக்ஸ் முறையின் 11ஆம் பதிப்பு 1987-இல் வந்தது. பல்கலைக்கழக ஆய்வகங்களில் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் பகிர்ந்துகொண்ட கணினிகளுக்காக உருவான ஏற்பாடு அது. அதில் ஓடும் எந்த நிரலும், ‘எஃப்8 அழுத்தப்பட்டால், எந்தச் சாளரம் முன்னால் இருந்தாலும், முதலில் எனக்குத் தெரிவி’ என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எக்ஸ்பைண்ட்கீஸ் செய்வது அதைத்தான். அதே வாசல் வழியாக, நீங்கள் உலாவியில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டும்போது பின்னணியில் இருக்கும் வேறொரு நிரல் ஒவ்வோர் எழுத்தையும் கேட்டுக்கொண்டிருக்கவும் முடியும். எக்ஸ் அதைத் தடுக்காது. 2008-இல் கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் இந்த வாசலை வைக்கவே இல்லை. விசை அழுத்தம் முன்னால் இருக்கும் சாளரத்துக்கு மட்டுமே போகும். திரையை ஆளும் ஷெல்லைத் தவிர வேறு எவரும் இடையில் நின்று எடுக்க முடியாது. ஆகவே எக்ஸ்பைண்ட்கீஸ் உங்கள் கணினியில் உயிரோடுதான் இருக்கிறது, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் காதில் எதுவும் விழுவதில்லை, அவ்வளவே.

அப்படியானால் மொழிபெயர்ப்பு நிரலில் மட்டும் எப்படி வேலை செய்கிறது? இங்கேதான் பலர் குழம்பிப்போய், கணினி தன் மனம் போனபடி நடப்பதாக முடிவுகட்டுகிறார்கள். வேலண்ட்டில் நேரடியாக இயங்கத் தெரியாத பழைய நிரல்களுக்காக, எக்ஸ்வேலண்ட் என்ற பெயரில் ஒரு சிறிய எக்ஸ் உலகம் உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது. 24.04-இன் ஜாவாவில் எழுதப்பட்ட சாளர நிரல்கள் அந்த உலகத்தில்தான் வசிக்கின்றன. எக்ஸ்பைண்ட்கீஸும் அங்கேதான் வசிக்கிறது. உங்கள் மொழிபெயர்ப்பு நிரல் முன்னால் இருக்கும்போது விசை அழுத்தங்கள் அந்த உலகத்துக்குள் வருகின்றன. உள்ளே வந்துவிட்டால் பழைய விதிகள்தான், எக்ஸ்பைண்ட்கீஸ் கேட்டுக்கொள்கிறது. ஃபயர்ஃபாக்ஸும் ரைட்டரும் வேலண்ட்டிலேயே நேரடியாக இயங்குபவை. அவை முன்னால் இருக்கும்போது எக்ஸ் உலகத்துக்கு ஓர் எழுத்தும் வந்துசேராது. இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால், ‘எக்ஸ்ஐஸ்’ என்ற பழைய விளையாட்டு நிரலை ஓடவிடுங்கள். சுட்டியைத் தொடரும் இரண்டு கண்கள் திரையில் தோன்றும். எக்ஸ் சாளரத்தின் மேல் சுட்டி போகும்போது கண்கள் தொடரும், வேலண்ட் சாளரத்தின் மேல் போனதும் உறைந்து நிற்கும். எந்த நிரல் எந்த உலகத்தைச் சேர்ந்தது என்பதை அறிய எனக்குத் தெரிந்த மிக எளிய வழி இது.

தீர்வு எளிது. ஷெல்லால் மட்டுமே எல்லாச் சாளரங்களிலும் விசையைக் கேட்க முடியும் என்பதால், அந்த வேலையை ஷெல்லிடமே கொடுத்துவிடுங்கள். அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியில் குறுக்குவிசைகளைப் பார்க்கும் இடத்துக்குச் சென்றால் பட்டியலின் அடியில் ‘கஸ்டம் ஷார்ட்கட்ஸ்’ இருக்கும். எக்ஸ்பைண்ட்கீஸின் அமைப்புக்கோப்பில் எஃப்8-க்கு எதிரே நீங்கள் எழுதிவைத்திருக்கும் கட்டளையை அப்படியே எடுத்து இங்கே ஒட்டி, எஃப்8-ஐக் கொடுங்கள், எஃப்9-க்கும் அவ்வாறே. பிறகு எக்ஸ்பைண்ட்கீஸ் தானாகத் தொடங்குவதை நிறுத்திவிடுங்கள். நிறுத்தாமல் விடுவதில் பயனில்லை; பின்னொரு நாள் எக்ஸ் அமர்வில் நுழைந்தால் ஒரே விசைக்கு இருவர் போட்டியிடுவார்கள், அப்போது மறுபடியும் எங்கே தவறு என்று தேட வேண்டியிருக்கும்.

உங்கள் விசைகள் ஒரு நிரலைத் திறப்பதோடு நின்றுவிடுவதால் இந்த வழி போதும். ஒரு விசையை அழுத்தினால் நீண்ட சொற்றொடரைத் தானாகத் தட்டச்சு செய்யும் ஆட்டோகீ போன்ற நிரலாக இருந்திருந்தால் கதை இவ்வளவு எளிதாக முடிந்திராது, ஏனெனில் அது கேட்பதோடு நில்லாமல் இன்னொரு சாளரத்தில் எழுதவும் வேண்டும். வேலண்ட் அதையும் அனுமதிப்பதில்லை. கெர்னல் மட்டத்தில் இறங்கி வேலை செய்யும் ஒய்டூடூல், கீடி போன்றவை இருக்கின்றன, அவை எந்தச் சாளர முறையிலும் இயங்கும். ஆனால் அவற்றுக்கு உயர் உரிமை கொடுக்க வேண்டும். விசைப்பலகையை நேரடியாகப் படிக்கும் ஒரு நிரலுக்கு அந்த உரிமையைக் கொடுப்பது, வேலண்ட் மூடிய வாசலை நாமே பின்பக்கமாகத் திறந்துவைப்பதாகும். என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தால் தவறில்லை. இணையத்தில் கண்ட கட்டளையை அப்படியே ஒட்டிச் செய்வதுதான் ஆபத்து. நிரல்கள் முறைப்படி அனுமதி கேட்டுப் பொதுக் குறுக்குவிசை பெறுவதற்கான வழி க்னோமில் 2025 மார்ச்சில் வந்த 48ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது, உங்கள் 24.04-இல் இருப்பது 46 என்பதால் அது உங்களுக்கு இப்போது உதவாது.

மூன்றாவது, தமிழ். இங்கே என் உறுதி சற்றுக் குறைகிறது. வலுவான ஊகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை விசித்திரமாகப் படும், ஏனெனில் விண்டோஸில் ஒவ்வொரு விசைக்கும் எழுத்தைத் தவிர ‘மெய்நிகர் விசை’ என்று இன்னொரு அடையாளமும் உண்டு. தமிழ் அமைப்பு எழுத்தை மாற்றுகிறதே ஒழிய அந்த அடையாளத்தைத் தொடுவதில்லை. கன்ட்ரோல்+சி அந்த அடையாளத்தைப் பார்த்து வேலை செய்கிறது. லினக்ஸ் சாளர முறைகளில் அப்படி ஓர் இடைநிலை இல்லை. விசையின் எண், அதற்கடுத்து எழுத்து, அவ்வளவுதான். தமிழ்99 அமைப்பில் ‘சி’ விசையின் இடத்தில் ஒகரம் இருக்கிறது, ‘எஸ்’ இடத்தில் இகரம், ‘வி’ இடத்தில் வகரம். ஆகவே நீங்கள் கன்ட்ரோல்+சி அழுத்தியதாக நினைக்கும்போது நிரலின் கைக்கு வந்துசேர்வது கன்ட்ரோல்+ஒ. ‘ஒ’ என்றால் படியெடு என்று எந்த நிரலிலும் எழுதிவைக்கவில்லை.

ரைட்டரில் ஏன் வேலை செய்கிறது என்றால், அது பயன்படுத்தும் ஜிடிகே என்ற கருவித்தொகுதி இந்தச் சிக்கலை முன்பே அறிந்து வழிசெய்திருக்கிறது. வந்த எழுத்து எந்தக் குறுக்குவிசைக்கும் பொருந்தாவிட்டால், உங்கள் பட்டியலில் உள்ள மற்ற விசைப்பலகை அமைப்புகளில் அதே விசை எந்த எழுத்தைத் தரும் என்று அது பார்க்கிறது. ஆங்கிலம் பட்டியலில் இருந்தால் ‘சி’ என்று கண்டுகொள்கிறது. க்யூடி தொகுதியும் இதுபோன்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. ஜாவாவின் நிலை அவ்வளவு சீராக இல்லை. லத்தீன் அல்லாத எழுத்து வரும்போது ஜாவா நிரல்களின் குறுக்குவிசைகள் நின்றுபோனதை நானே பல கணினிகளில் பார்த்திருக்கிறேன். உங்கள் நிரலின் பதிப்பையும் ஜாவாவின் பதிப்பையும் நீங்கள் எழுதவில்லை என்பதால் இதற்குமேல் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன்.

ஆனால் 20.04-இல் இதே நிரல், இதே தமிழ்99, எல்லாம் சரியாக இருந்ததே என்று கேட்பீர்கள். அங்கேதான் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி வருகிறது. உபுண்டுவில் தமிழ்99 என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு பொருட்கள் கிடைக்கின்றன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்த விசையமைப்புதான் இரண்டுக்கும் அடிப்படை என்பதால் இரண்டின் பெயரிலும் 99 இருக்கிறது. ஒன்று வெறும் விசைப்பலகை அமைப்பு. பட்டியலில் அது ‘தமிழ்நெட் 99’ என்று காட்டப்படும். அது ஆங்கில அமைப்பை விலக்கிவிட்டு அந்த இடத்தில் தானே உட்காரும். மற்றது ஐபஸ் வழியாக இயங்கும் உள்ளீட்டு முறை; அதன் பெயரில் ‘எம்17என்’ என்ற ஒட்டு இருக்கும். அது இயங்கும்போது அடியில் ஆங்கில அமைப்பே இருக்கும், மேலே வரும் எழுத்துகளை மட்டும் அது தமிழாக மாற்றும். கன்ட்ரோலோடு வரும் எழுத்துகளை அது தொடாமல் விட்டுவிடுவதால் நிரலுக்கு உண்மையான கன்ட்ரோல்+சி போய்ச் சேர்கிறது. பழைய பதிப்பில் நீங்கள் பயன்படுத்தியது எம்17என் முறையாகவும், மேம்படுத்திய பின் பட்டியலில் கண்ணில் முதலில் பட்ட மற்றதைச் சேர்த்துவிட்டதாகவும் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஊகம் சரியா என்பதை நீங்களே ஒரு நொடியில் சோதிக்கலாம். ரைட்டரைத் திறந்து, தமிழை இயக்கி, ‘எச்’ விசையை இருமுறை அழுத்துங்கள். தமிழ்99 விதிப்படி ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவது தானாகப் புள்ளி பெற வேண்டும். ஆகவே ‘க்க’ என்று வர வேண்டும். முன்னால் என்ன எழுத்து இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் அந்த விதியை நிறைவேற்ற முடியும். வெறும் விசைப்பலகை அமைப்புக்கு அந்த நினைவு கிடையாது, ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்பதோடு அதன் அறிவு முடிந்துவிடும். அது ‘கக’ என்றுதான் போடும். ‘கக’ வந்தால் என் ஊகம் சரி. ‘பக்கம்’ என்று எழுத இப்போதெல்லாம் புள்ளியைத் தனியே அழுத்த வேண்டியிருக்கிறது என்று கடந்த சில நாட்களில் உங்களுக்குத் தோன்றியிருந்தால் அதுவும் இதற்குச் சான்று.

அப்படியானால், ஐபஸ்-எம்17என் என்ற பொதி நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேம்படுத்தலின்போது அது கழற்றப்பட்டிருந்தால் தமிழ் காணாமல் போனதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்து, அமைப்புகளில் உள்ளீட்டு மூலங்கள் பட்டியலில் எம்17என் ஒட்டுள்ள தமிழ்99-ஐச் சேருங்கள், பிறகு மற்றதை நீக்குங்கள். ஆங்கிலம் பட்டியலில் இருக்கட்டும். தமிழில் மட்டுமே எழுதுகிறேன் என்று சொல்லிச் சிலர் அதை நீக்கிவிடுகிறார்கள், அப்போது ரைட்டர் போன்றவையும் கன்ட்ரோல்+சி எதுவென்று கண்டுபிடிக்க வழியில்லாமல் தடுமாறக்கூடும். சோதனையில் ‘க்க’ வந்தும் மொழிபெயர்ப்பு நிரலில் விசைகள் நின்றுபோயிருந்தால் என் ஊகம் தவறு; சிக்கல் ஐபஸுக்கும் ஜாவாவுக்கும் இடையில் இருக்கிறது என்று பொருள். அதுவரைக்குமான தற்காலிக வழி, சூப்பர்+ஸ்பேஸ் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறிப் படியெடுத்துத் திரும்புவதுதான். சலிப்பான வழி, ஆனால் தவறாது.

எக்ஸ் அமர்வுக்கே திரும்பிவிடலாமே என்று யாரேனும் உங்களிடம் சொல்வார்கள். 24.04-இல் அது முடியும். உள்நுழையும்போது பெயரைத் தேர்ந்தெடுத்த பிறகு கீழ் வலது மூலையில் தோன்றும் பற்சக்கரத்தைச் சொடுக்கி ‘உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எஃப்8, எஃப்9 உடனே எல்லா இடங்களிலும் உயிர் பெறும். பணியிட விசைகளும் தமிழும் இப்போதுள்ளபடியே இருக்கும், ஏனெனில் அவற்றுக்கும் வேலண்ட்டுக்கும் தொடர்பில்லை. அவசர வேலை கையில் இருந்தால் இரண்டு வாரங்களுக்கு அப்படி ஓட்டுங்கள், தவறில்லை. நிரந்தரமாக அங்கேயே குடியிருப்பதைப் பரிந்துரைக்க மாட்டேன். 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-இல் க்னோமுக்கான எக்ஸ் அமர்வு இல்லை, 24.04-க்கான வழக்கமான ஆதரவு 2029 வரை இருக்கிறது என்றாலும், அடுத்த முறை மேம்படுத்தும் நாளில் இதே கேள்வியோடுதான் மறுபடியும் நிற்க வேண்டியிருக்கும்.

கைவைக்கும் முன் ஒரு சிறு சோதனை செய்தால் நேரம் மிச்சமாகும். கணினியில் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதில் உள்நுழைந்து, ஆங்கிலத்தையும் எம்17என் தமிழ்99-ஐயும் மட்டும் சேர்த்து, மொழிபெயர்ப்பு நிரலைத் திறந்து கன்ட்ரோல்+சி அழுத்திப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் கோளாறு உங்கள் கணக்கின் அமைப்புகளில் மட்டும் இருக்கிறது, இயங்குதளம் நலம். நிறுவல் வட்டைத் தேட வேண்டாம். அங்கும் வேலை செய்யாவிட்டால் நிரலின் பதிப்பு, ஜாவாவின் பதிப்பு, ‘எச்’ விசையை இருமுறை அழுத்தியபோது வந்த எழுத்துகள் ஆகிய மூன்றையும் எழுதுங்கள், அங்கிருந்து தொடரலாம்.